ஆயாவின் தேர்தல் மாதங்கள்

சிதம்பரத்தின் எல்லையில், வயலாக இருந்து மனையாக மாறிய இடத்தில் நான் வீடு கட்டிக் குடியேறி ஓராண்டு ஆகிறது. பத்திரம், பட்டா, மின் இணைப்பு, வங்கிக் கடன் எல்லாமே என் ஒருத்தியின் பெயரில். நானும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும் மட்டும் இருக்கிறோம். தெருவில் ஆறு வீடுகள். அவற்றில் மூன்றுக்கு இன்னும் ஆள் வரவில்லை.

குடிவந்த மூன்றாம் மாதம், நள்ளிரவில் யாரோ பின்கதவை நெம்பினார்கள். விளக்கைப் போட்டுக் கத்தினேன். மதில் ஏறிக் குதிக்கும் சத்தம் கேட்டது. விடிந்து பார்த்தால் கதவு நிலையில் கடப்பாரை பதிந்த இரண்டு பள்ளங்கள். கடலூரிலிருந்து தம்பி ஓடி வந்தான். பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, பேசாம லைசென்ஸ் போட்டு ஒரு துப்பாக்கி வாங்கிடு. நம்ம வீட்டுல இல்லாததா?" என்றான்.

நான் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. அன்றிலிருந்து பத்து நாள் தலைமாட்டில் அரிவாள்மனையை வைத்துக்கொண்டு படுத்தவள் நான். துப்பாக்கி வாங்கினால் எது வாங்குவது, யாரிடம் விண்ணப்பிப்பது, எங்கே வைப்பது என்று படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, சட்டப் புத்தகத்தை விட்டுவிட்டு ஊர் வரலாற்றுக்குள் போய்விட்டேன். அங்கிருந்து என் ஆயாவின் சமையலறைக்கு.

"நம்ம வீட்டுல இல்லாததா" என்று தம்பி சொன்னது தாத்தாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கியை. கடலூருக்கு மேற்கே, கெடிலத்தின் கரையில் தாத்தாவுக்குக் கரும்பு இருந்தது. பன்றி வருகிறது என்று சொல்லி உரிமம் வாங்கியிருந்தார். அது கூடத்துச் சுவரில், பூர்விகப் படங்களுக்குக் கீழே தொங்கும். அதனால் ஒரு பன்றியாவது செத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் கூலி நாளன்று ஆட்கள் களத்தில் நிற்கும்போது, திண்ணையில் உட்கார்ந்து அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். ஆயுத பூஜைக்கு ஆயா அதற்குச் சந்தனம், குங்குமம் வைப்பாள். மற்ற நாளில் தொட மாட்டாள். கூடத்தைப் பெருக்கும்போதுகூட அந்தச் சுவரை ஒட்டிப் போக மாட்டாள்.

ஆயாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் தேர்தலுக்குக் காத்திருப்பாள். எந்தக் கட்சிக்காரரும் அப்படிக் காத்திருந்திருக்க மாட்டார். "எலெக்சன் எப்பம்மா?" என்று பள்ளிக்கூடம் விட்டு வரும் என்னிடம் கேட்பாள். அவளுக்கு அரசியலில் அவ்வளவு ஈடுபாடு என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

கடலூர்க்காரர்களுக்கு வெடிமருந்துக்கும் வீட்டுமனைக்கும் உள்ள உறவு புதியதல்ல. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி செஞ்சியிலிருந்த மராத்திய அரசிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஓர் அளவு இருந்தது: கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழும் தூரம். நாலாபுறமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனியுடையவை ஆயின. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி இன்றும் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டிருக்கிறது. அங்கே அன்று அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கப் போவதில்லை. காலையில் ஒரு ராஜாவின் குடிகளாக எழுந்தார்கள். சத்தம் ஒன்று கேட்டது. இன்னொருவரின் குடிகளாகப் படுத்தார்கள். எங்கள் ஊரின் முதல் நில அளவைக் கருவி பீரங்கி.

அந்தக் கோட்டைக்குப் பெயர் புனித டேவிட் கோட்டை. 1756இல் அதன் ஆளுநராக வந்தவர் ராபர்ட் கிளைவ். அவர் மகன் எட்வர்ட் கிளைவ் சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோதுதான் தென்னாட்டுப் பாளையக்காரர்களின் கிளர்ச்சி அடக்கப்பட்டது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1ஆம் நாள் ஓர் அறிவிப்பு வந்தது: இனி மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. அப்பன் பீரங்கியோடு வந்த மண்ணில் மகன் ஈட்டியையும் வேலையும் பிடுங்கினான்.

1857க்குப் பிறகு அந்தப் பயம் இந்தியா முழுவதற்கும் சட்டமானது. 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைக்க உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியருக்கு விதிவிலக்கு. 1887இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் கூடிய மூன்றாம் காங்கிரஸ் மாநாட்டில் இந்தச் சட்டத்தைத் தளர்த்தக் கோரித் தீர்மானம் போட்டார்கள். ஆயுதம் தராதது இந்திய ஆண்மைக்கு இழுக்கு என்பது அந்தக் காலத்து வாதங்களில் ஒன்று. பெண் பிரதிநிதிகள் காங்கிரசுக்குள் வந்தது அதற்கும் இரண்டாண்டு கழித்து, 1889 பம்பாய் மாநாட்டில்தான். துப்பாக்கியைப் பற்றிய முதல் தேசிய விவாதத்தில் நாம் இல்லை.

1920இல் நிற வேறுபாடு விதிகளிலிருந்து போனது. ஆனாலும் பட்டம் பெற்றவர்கள், பெரிய ஜமீன்கள் போன்றோருக்கான சலுகைகள் தொடர்ந்தன. நிலமும் பட்டமும் உள்ளவன் நம்பத் தகுந்தவன் என்பதே அதன் பொருள். சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது, 14(2). போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது அது. இப்படி ஒன்றை எழுதித் தடுக்க வேண்டியிருந்தது என்பதிலேயே அதற்கு முந்தைய வரலாறு தெரிகிறது.

சட்டம் எழுதியது, ஊர் மாறவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடியிருப்புக்குள் நிலக்கிழார்களின் ஆட்கள் துப்பாக்கிகளோடு வந்தார்கள். ஓட முடியாதவர்கள் ஒரே குடிசைக்குள் ஒளிந்தார்கள். அந்தக் குடிசை கொளுத்தப்பட்டது. இறந்த 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நாளில் துப்பாக்கியைத் துடைத்த என் தாத்தாவை நினைக்கும்போது எனக்கு வெண்மணி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அவர் யாரையும் சுட்டதில்லை. சுட வேண்டிய தேவையே வராதபடி அது சுவரில் தொங்கியது.

இதைச் சட்டமும் ஒருவிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் வந்தன. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் மற்றச் சாதியினரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் சேர்க்கவும், தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு உரிமம் வழங்கவும் மூன்றாம் விதி இடம் தருகிறது. என் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "மேடம், அப்ப துப்பாக்கி கெட்டதுன்னு சொல்ல முடியாதுல்ல?" என்று கேட்டாள். முடியாது. தற்காப்பு வேண்டாம் என்று பிறருக்குச் சொல்லும் தகுதி, மதில் வைத்த வீட்டில் இருக்கும் எனக்கு இல்லை. என் வீட்டுக்கு அது என்ன செய்யும் என்பதை மட்டுமே நான் பேச முடியும்.

பெண்ணுக்கென்று ஒரு துப்பாக்கி செய்ததும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. 2012 டெல்லி வன்கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. அரைக் கிலோ எடை. விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல். நகைப் பெட்டி போன்ற அரக்குநிறப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். அப்போது உதவிப் பேராசிரியராகத் தொகுப்பூதியத்தில் இருந்த எனக்கு அது பல மாதச் சம்பளம். தெருவில், பேருந்தில், வயலில், வேலையிடத்தில் அதிகம் ஆபத்தைச் சந்திக்கிற பெண்களில் எத்தனை பேரால் அந்தப் பெட்டியைத் திறக்க முடியும்? பெண்ணைக் காக்கும் பொறுப்பு அரசிடமிருந்து கைமாறி, பணமுள்ள பெண்ணின் கைப்பைக்குள் போய்ச் சேர்ந்தது.

சரி, என்னால் இப்போது வாங்க முடியும் என்றே வைத்துக்கொள்வோம். சாதாரணக் குடிமக்களுக்குக் கிடைக்கக்கூடியவை தடை செய்யப்படாத வகைகள் மட்டும்: .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், 12 துளை வேட்டைத் துப்பாக்கி, .315 ரைஃபிள். 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பயிற்சிச் சான்று வேண்டும். ஏன் வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும். பத்திரமாக வைக்க இடம் இருக்கிறதா என்று கேட்பார்கள். மாவட்டத்தில் உரிமம் தருவது ஆட்சியர். அதற்கு முன் காவல் நிலையத்திலிருந்து அறிக்கை போக வேண்டும்.

படிவம் எழுதித் தரும் ஒருவரிடம் காட்டினேன். என் வயது, வேலை, சம்பளம் எல்லாம் பார்த்துவிட்டு, "வீட்ல ஜென்ட்ஸ் யாரும் இல்லீங்களா மேடம்? அவங்க பேர்ல போட்டா சுளுவா இருக்கும்" என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீடு பெண் பெயரில் இருக்கலாம், வீட்டைக் காப்பவன் ஆண்தான் என்பது அவருக்கு வெயிலைப் போல இயல்பு.

காவல் நிலைய அறிக்கை என்றதும் எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. சிதம்பரத்துப் பெண்கள் யாருக்கும் வராமல் இருக்காது. 1992இல் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் விசாரணைக்கென்று வைக்கப்பட்ட ஒரு தொழிலாளி இறந்தார். அந்த நிலையத்துக்குள்ளேயே அவர் மனைவி காவலர்களால் வன்புணர்வு செய்யப்பட்டார். மாதர் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடி, வழக்கு நடந்தது. அதே 1992இல்தான் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது. இரண்டும் ஒரே ஆண்டின் வரலாறு. இன்று நிலையங்கள் எவ்வளவோ மாறியிருக்கின்றன. கதவு நெம்பப்பட்ட மறுநாள் எங்கள் தெருவுக்கு இரவு ரோந்து வந்தது. ஆனாலும் நம்மைக் காக்கும் ஆயுதம் யார் கையில் இருக்கிறது, அவரை யார் கேள்வி கேட்பது என்ற இரண்டும் சேர்ந்தே வரும் கேள்விகள் என்பதை இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாகியிருக்கின்றன. உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து வரும்போதும், வன்புணர்வு நோக்கத்தோடு தாக்கும்போதும், அமிலம் வீசும்போதும் எதிராளி இறந்தாலும் அது குற்றமாகாது. இருட்டிய பின் வீட்டை உடைத்து நுழைபவன் விஷயத்திலும் இந்த உரிமை உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது நிபந்தனை. மாணவிகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். எந்தப் பிரிவும் துப்பாக்கி என்று சொல்லவில்லை. கையில் கிடைத்தது எதுவானாலும் சரி.

2012இல் மதுரையில் கையில் கிடைத்தது ஒரு கிரிக்கெட் மட்டை. குடித்துவிட்டு வந்து மகளிடம் அத்துமீற முயன்றவனை ஒரு தாய் அடித்தாள், அவன் இறந்தான். அன்றைய காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க், அது தற்காப்பு என்று 100ஆம் பிரிவைக் காட்டி அவளை விடுவித்தார். தமிழ்நாட்டில் வீட்டுத் தற்காப்பு பற்றிப் பேசினால் நான் முதலில் சொல்லும் வழக்கு இது. அந்த வீட்டின் கதவை யாரும் நெம்பவில்லை. அவன் அந்தப் பெண்ணின் கணவன், அந்தச் சிறுமியின் அப்பா. அவனிடம் சாவி இருந்திருக்கும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் பெண்களுக்கு எதிரான குற்ற வழக்குகள் 4,45,256. அவற்றில் முதலிடம், சுமார் 31 சதவீதம், கணவனோ அவன் உறவினரோ செய்த கொடுமை. துப்பாக்கிகள் மலிந்த அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் 1 கோடியே 76 லட்சம் பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் தங்கள் துணையால் சுடப்பட்டு இறக்கும் வாய்ப்பு, துப்பாக்கி இல்லாத வீட்டில் வாழ்பவர்களைவிட ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் நூற்றுக்கு 84 பேர் பெண்கள். காவலுக்கென்று வாங்கியது வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது.

இதைப் படித்த இரவுதான் அம்மாவிடம் கேட்டேன். "ஆயா ஏம்மா எலெக்சனுக்கு அப்படிக் காத்துக்கிட்டு இருந்துச்சு?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தாத்தா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீதோடு வருவார். வாக்கு எண்ணி முடிந்த பிறகுதான் திரும்பத் தருவார்கள். அந்த ஒன்றரை, இரண்டு மாதம் ஆயா கூடத்தில் பாய் விரித்துப் படுப்பாள். மற்ற நாளெல்லாம் சமையலறையில், கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு.

அந்தத் துப்பாக்கி ஒரே ஒருமுறைதான் மனிதரை நோக்கி நீட்டப்பட்டதாம். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில். ஆயா தன் தாய்வீட்டுச் சீராக வந்த நிலத்தை விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். தாத்தா சுவரிலிருந்து அதை எடுத்தார். தோட்டா இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆயா கையெழுத்துப் போட்டாள். மறுநாள் எப்போதும்போல் அவருக்குச் சோறு போட்டாள். அதற்குப் பிறகு முப்பது ஆண்டு அது சுவரில் தொங்கியது. யாரும் அதை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

தாத்தா இறந்ததும் அப்பா அதை நிலையத்தில் ஒப்படைத்தார். உரிமத்தைத் தன் பெயருக்குக் கேட்கவில்லை. ஆயா அதற்குப் பிறகு ஆறு ஆண்டு இருந்தாள். கூடத்தில் படுத்தாள். தேர்தலைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பெண்ணுக்கு வீடு வந்து சேர்ந்ததே அண்மையில்தான். 1989இல் தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை தந்த சட்டம், அதற்கு முன்பே கல்யாணமாகிவிட்ட என் அம்மா போன்றவர்களை வெளியே நிறுத்தியது. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் வந்துதான் அந்தத் தடை நீங்கியது. அதே 2005இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தந்தது. 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. ஆயாவிடம் இருந்திருக்க வேண்டிய காவல் இவைதான் என்று தோன்றுகிறது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன அன்று, அந்த மறுப்பை நிற்கவைக்க ஒரு சட்டமும், போய் நிற்க ஒரு வாசலும் அவளுக்கு இருந்திருந்தால்.

கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலை அம்மாளை இந்த இடத்தில் நினைக்கிறேன். 1857இல் கிளர்ச்சியை ரத்தத்தில் அடக்கிய நீலின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை அகற்றக் கோரி 1927இல் போராடிச் சிறைக்குப் போனார், சிறுமியான தன் மகளோடு. குடும்ப நிலத்தையும் வீட்டையும் விற்று விடுதலைப் போருக்குச் செலவிட்டவர். துப்பாக்கி வைத்திருந்த அரசுக்கு எதிரே அவர் வெறுங்கையோடு நின்றார். ஆனால் தனியாக நிற்கவில்லை.

நான் விண்ணப்பிக்கவில்லை. பின்கதவுக்கு இரும்பு கிரில் போட்டேன். மதில் மூலையில் விளக்கு வைத்தேன். தெருவில் குடியிருக்கும் மூன்று வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். யார் வீட்டில் சத்தம் கேட்டாலும், அது கதவுச் சத்தமானாலும் அடிச்சத்தமானாலும், மற்ற இரண்டு வீட்டிலும் விளக்குப் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். போன மாதம் ஒரு வீட்டில் கேட்டது கதவுச் சத்தம் இல்லை. விளக்குகள் எரிந்தன. நாங்கள் இருவரும் போய்க் கதவைத் தட்டினோம். இரவு முழுக்க அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். காலையில் 181க்கு அவளே பேசினாள்.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. கதவு நிலையில் அந்தப் பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. தச்சரை இன்னும் கூப்பிடவில்லை. மின்சாரம் போகும் இரவுகளில் காது தானாகவே பின்பக்கம் போகிறது. இனி ஒருநாள் எனக்கும் வேறு முடிவு எடுக்க வேண்டி வரலாம். அப்படி வந்தால், அதைக் கூடத்துச் சுவரில் மட்டும் மாட்ட மாட்டேன்.

இப்போதைக்கு என் மகள் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறாள், எல்லா மாதமும்.